இல்லாத டீமனுக்கு நலச் சான்று

கணேசமூர்த்தி செய்ய வேண்டியிருந்த வேலை, ஒரு போன் நம்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு போன் நம்பரைப் போடுவது. திங்கட்கிழமை காலை, கேன்டீன் காபி ஆறுவதற்குள் அதைச் செய்து முடித்துவிட்டான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வரை நடந்ததுதான் இந்தக் கதை. படிக்கும்போது எரிச்சல் வந்தால் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுதும்போது எனக்கும் வந்தது.

அவனுக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். வேலை பெங்களூர் வைட்ஃபீல்டில், வெயிலைத் திருப்பி அடிக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். அந்தக் கம்பெனி டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு முந்தின நாளே ஒரு குறுஞ்செய்தி போகும்: நாளை இத்தனை மணிக்கு உங்களுக்கு டயாலிசிஸ் நாற்காலி, நேரத்தை மாற்ற வேண்டுமானால் இந்த நம்பரைக் கூப்பிடவும்.

அந்த நம்பரில்தான் தகராறு. மென்பொருளை எழுதிய பையன், சோதனைக்கு ஏதாவது ஒரு நம்பர் வேண்டுமே என்று தன் பேச்சிலர் அறை ஃபிரிட்ஜைத் திறந்து, இட்லி மாவுப் பாக்கெட்டில் அச்சடித்திருந்த நம்பரைப் பார்த்துப் போட்டுவிட்டான். போட்டவன் மறந்தான். பிறகு சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிற இடத்துக்குப் போய்விட்டான். மென்பொருள் மட்டும் மையங்களில் இரண்டு மாதம் சும்மா கிடந்து, போன சனிக்கிழமை மாவுக்கடை நம்பரோடு ஊரெல்லாம் ஓட ஆரம்பித்தது.

மாவு தாரணியுடையது. மல்லேஸ்வரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் வீட்டின் முன்னறையில் கிரைண்டர் வைத்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் பாக்கெட் போடுகிறவள். ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். மன்னிப்புக் கேட்கலாம் என்று கணேசமூர்த்தி அவளைக் கூப்பிட்டான்.

"தாரணி இட்லி மாவு. எத்தனை பாக்கெட்?"

"மேடம், நான் சாஃப்ட்வேர் கம்பெனியிலேருந்து பேசறேன். உங்க நம்பர் தப்பா எங்க மெசேஜ்ல..."

"ஓ, நீங்கதானா அது!" என்றாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை யாரோ நிறுத்தினார்கள். "சனிக்கிழமையிலேருந்து போனைக் கீழ வைக்க முடியல சார். விடியறதுக்கு முன்னாடி ஒருத்தர் கூப்பிட்டு, அம்மா, கால் வீங்கிடுச்சு, நாற்காலி கொஞ்சம் சீக்கிரம் கிடைக்குமாங்கறாரு. நான் என்ன சொல்லட்டும்? ஒரு கிலோ பாக்கெட் இருக்கு, அரை கிலோ இருக்குன்னா?"

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"ஆர்டர் பண்றவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் என் போன் பிஸி. நேத்து அரைச்ச மாவு பாதி புளிச்சுப் போச்சு. நம்பரை மாத்திக்கலாம்னா அதுவும் முடியாது. அச்சடிச்ச கவர் மூட்டை மூட்டையா கிடக்குது, அத்தனையிலயும் இந்த நம்பர்தான். நீங்கதான் எடுக்கணும்."

"எடுத்துட்டேன் மேடம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்."

"ஹௌதா? நிஜமாவா?" என்று கன்னடத்திலும் தமிழிலும் கேட்டுவிட்டு வைத்தாள்.

அவன் பொய் சொல்லவில்லை. அப்போது அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்தால் ஓடாது. அது ஓடத் தேவையான சாமான்களையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். ஹோட்டலில் இட்லியோடு சட்னி, சாம்பார் எல்லாம் வைத்து பார்சல் கட்டுகிறார்களே, அது மாதிரி. இந்தப் பொட்டலத்துக்கு இமேஜ் என்று பெயர். முன்பெல்லாம் இதைக் கட்ட ஒரு டீமன் வேண்டும். டீமன் என்பது மெஷினுக்குள் எந்நேரமும் விழித்தபடி உத்தரவுக்காகக் காத்திருக்கும் ஒரு புரோகிராம். மெஷினில் எந்தக் கதவையும் திறக்கிற அதிகாரம் அதற்கு உண்டு. அதைப் பிடித்துவிட்டால் திருடனுக்கும் அந்த அதிகாரம் வந்துவிடும். அதனால் இப்போது டீமன் இல்லாமலே கட்டுகிற கருவிகள் வந்துவிட்டன. ஒரு கட்டளை அடித்தால் போதும். அது வந்து, பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, சத்தம் போடாமல் போய்விடும். நல்ல ஏற்பாடு. இதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

கம்பெனியும் போன மாதம் டீமனை எடுத்துவிட்டது. அதற்கு விழா எடுத்தார்கள். 'டீமனுக்கு விடை' என்று எழுதிய டீ-ஷர்ட்டை எல்லோருக்கும் கொடுத்தார்கள், எல்லாம் எக்ஸ்எல் சைஸ். கணேசமூர்த்தி அதைத் தூங்கும்போது போட்டுக்கொள்கிறான்.

ஆகவே அவன் புதுக் கருவியின் கட்டளையை அடித்தான். பொட்டலம் தயாரானது. அதைக் கம்பெனியின் கிடங்குக்கு அனுப்பினான். அங்கே ஏற்றுக்கொண்டால் மையங்களுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். கிடங்கு திருப்பி அனுப்பியது. காரணம் ஒரே வரி: டீமன் நலச் சான்று இணைக்கப்படவில்லை.

இன்னொரு முறை அனுப்பினான். இன்னொரு முறை வந்தது. விசாரித்ததில், சான்று தருவது டீமன் நலப் பிரிவு என்றும், அது ஏழாம் மாடியில் இருக்கிறது என்றும், தினமும் காலையில் அவர்கள் கூடுகிற கூட்டத்தில்தான் கேட்க வேண்டும் என்றும் தெரிந்தது. டீமன் போய் ஒரு மாதம் ஆன பிறகும் டீமன் நலப் பிரிவு இருக்கிறதா என்று அவன் ஆச்சரியப்பட்டான். கம்பெனிக்குப் புதியவன் அல்ல, ஆனாலும் ஆச்சரியப்பட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை போனான். நீள மேஜையைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. தலைமையில் அனந்தபத்மநாபன். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற குடும்பம், தாத்தா காலத்திலிருந்து அரசு உத்தியோகம். இவர்தான் முதன்முதலாகத் தனியாருக்கு வந்தவர். வரும்போது உத்தியோகத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

"குட் மார்னிங். டீமன் ஓடுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றான் கில்பர்ட். கோலார் தங்கவயல்காரன். டீமன் பராமரிப்பில் சர்டிபிகேட் வாங்கி வைத்திருப்பவன்.

"நேத்து?"

"நேத்தும் ஓடல சார்."

"நடுவுல எப்பவாவது?"

"இல்ல சார். கன்டினியுவஸா ஓடல."

"ஸோ, ஸ்டேபிள். வெரி குட்." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர் கணேசமூர்த்தியைப் பார்த்தார். "சொல்லுங்க கணேஷ்."

அவன் சொன்னான். நம்பர், மாவு, கால் வீங்கியவர், எல்லாவற்றையும் சொன்னான். அனந்தபத்மநாபன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சான்று தர்றதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. டீமன் ஆரோக்கியமா இருந்தா அன்னிக்கே குடுத்துடுவேன். ஆனா ஆரோக்கியமா இருக்கணும்னா மொதல்ல அது இருக்கணுமே."

"சார், அதை நீங்கதானே எடுத்தீங்க?"

"எடுத்தோம். பிரமாதமா எடுத்தோம். அவார்டு கூட வந்தது. டீமனை எடுக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு வந்தது, எடுத்தாச்சு. சான்றை எடுக்கச் சொல்லி உத்தரவு வரலையே?"

"அப்ப இந்த ஒரு மாசமா யாரும் இமேஜே அனுப்பலையா சார்?"

"மொதல் ஆள் நீங்கதான். எல்லாரும் நிலவரம் தெளியட்டும்னு காத்திருக்காங்க. அதுதான் மெச்சூரிட்டி." கொஞ்சம் குனிந்து, அக்கறையோடு பேசினார். "ஒரு விஷயம் சொல்றேன் கணேஷ். ஓடற டீமனை யார் வேணா பார்த்துக்கலாம். அது பாட்டுக்கு ஓடும். ஓடாத டீமனைப் பார்த்துக்கத்தான் அனுபவம் வேணும். ஓடின காலத்துல எனக்கு ஆறு பேர் போதுமா இருந்தது. இப்ப பதினாலு பேர். இன்னும் பத்து பேர் கேட்டிருக்கேன்."

அன்று மத்தியானம் கணேசமூர்த்தியின் பெயருக்கு ஒரு புகார் வந்தது. டீமன் ஒரு மாதமாக ஓடவில்லை என்பதை முதலில் கவனித்துச் சொன்னவன் அவன் என்பதால், ஏன் ஓடவில்லை என்று அவனே எழுதித் தர வேண்டுமாம். 'நீக்கப்பட்டது' என்று எழுதினான். திரும்பி வந்தது. இப்படி மீண்டும் நடக்காமல் தடுக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற கேள்வியோடு. அவன் மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"தாரணி பேசறேன். நேத்து சாயங்காலம்னு சொன்னீங்க. எந்த நேத்துன்னு தெரிஞ்சா தேவலை."

"மேடம், பொட்டலம் ரெடி மேடம். அனுப்ப விட மாட்டேங்கறாங்க."

"யாரு?"

கணேசமூர்த்தி யோசித்தான். யார் என்று சொல்வது? "ஏழாவது மாடி," என்றான்.

"ஏழாவது மாடியில என்ன பண்றாங்க?"

அவன் விளக்க முயன்றான். நடுவிலேயே அவள் நிறுத்திவிட்டாள். "பேடா சார், வேண்டாம், எனக்குத் தலை சுத்துது. இங்க கூப்பிடறவங்கள்ல ஒரு அண்ணா இருக்காரு, அய்யாவுன்னு. சிவாஜிநகர்ல பஸ் ஸ்டாண்டுப் பக்கம் துணி தேய்க்கிறாராம். சனிக்கிழமை விடிகாலை அவருக்கு நாற்காலி. கூட்டிட்டுப் போற மருமகனுக்கு நைட் ஷிஃப்ட்டாம், சாயங்காலமா மாத்தணும்ங்கறாரு. நான் அந்த மையத்துக்குப் போன் போட்டேன். நேரம் மாத்தறதெல்லாம் மெசேஜ்ல இருக்கற நம்பர்லதான் முடியும்ங்கறாங்க. அந்த நம்பரே நான்தான்யான்னு கத்தினேன். வெச்சுட்டாங்க."

"சனிக்கிழமை விட்டா அவருக்கு அடுத்தது எப்ப?"

"செவ்வாய்க்கிழமைதானாம். அவ்வளவு நாள் விட்டா தண்ணி சேர்ந்து மூச்சு முட்டிடும்னு அவரே சொல்றாரு. ஒரு தடவை அப்படி ஆகி, ஆஸ்பத்திரியில கிடந்தாராம். ஏதாவது பண்ணு தம்பி." அவள் சார் என்பதை விட்டுவிட்டாள் என்பதை அவன் பிறகுதான் கவனித்தான்.

புதன்கிழமை அவன் பாதுகாப்புப் பிரிவின் தலைவி ஷ்ரேயாவைப் பிடித்தான். பிடித்தான் என்றால், அவள் லிஃப்ட்டிலிருந்து இறங்கி அறைக்குள் போகிற வழியில் பின்னாலேயே ஓடினான். டீமனை எடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் அவள்தான். அவளுக்காவது புரியும் என்று நம்பினான்.

"டீமன் இல்லாம பில்ட் பண்றதுதான் சேஃப்," என்றாள் ஷ்ரேயா. "எத்தனை மாநாட்டுல பேசியிருக்கேன் தெரியுமா? நீங்க பண்ணியிருக்கறது ஹண்ட்ரட் பர்சென்ட் கரெக்ட்."

"தேங்க்ஸ் மேடம். அப்ப அதை வாங்கிக்கச் சொல்லுங்களேன்."

"அதை நீங்கதான் கட்டினீங்கன்னு யார் சாட்சி?"

"நான்தான் மேடம் கட்டினேன்."

"நீங்க மனுஷர். மனுஷங்களை நம்பறது பாலிசியில இல்ல. டீமன் சொன்னா நம்பலாம், அது பாலிசியில இருக்கு."

"ஆனா மேடம், டீமனை நம்ப முடியாதுன்னுதானே எடுத்தோம்?"

"கரெக்ட். எல்லாரும் அதை ரொம்ப நம்பினாங்க. அதான் ரிஸ்க்." கையில் இருந்த போனைப் பார்த்தாள். "எனக்கு உங்க ஃப்ரஸ்ட்ரேஷன் புரியுது கணேஷ். ஆனா பாதுகாப்புன்னா என்ன? எதுவுமே நடக்காம இருக்கறதுதான். இந்த ஒரு மாசத்துல நம்ம கம்பெனியில ஒண்ணுமே நடக்கல. எவ்வளவு பெரிய அச்சீவ்மென்ட் பாருங்க."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நிஜமாகவே கும்பிட்டான். ஒரு மனிதருக்கு மூச்சு முட்டிவிடும் மேடம், ஏதாவது வழி சொல்லுங்கள் என்றான். கும்பிடு அவளை ஏதோ செய்திருக்க வேண்டும். அன்று மாலையே அவளும் அனந்தபத்மநாபனும் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு இடைக்கால டீமன் என்று பெயர் வைத்தார்கள்.

வழி இதுதான். நலப் பிரிவின் கணினியில் ஒரு பக்கம் இருக்கிறது. பழைய நாட்களில் டீமன் அரை நிமிஷத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கத்துக்கு 'நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரம் விடாமல் சொன்னால் சான்று தானாக அச்சாகும். இப்போது சொல்ல டீமன் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் ஒரு பட்டன் வைக்கப்படும். டீமனுக்குப் பதிலாக கில்பர்ட் அதை அழுத்துவான்.

வியாழக்கிழமை காலை கில்பர்ட் உட்கார்ந்தான். அவனுக்கு எதிரே சுவர்க் கடிகாரம். பக்கத்தில் கணேசமூர்த்தி. அரை நிமிஷம் ஆனதும் கில்பர்ட் பட்டனை அழுத்துவான், திரையில் 'நலம்' என்று பச்சையாக வரும்.

"அண்ணா, எனக்கு எம்.இ. முடிச்ச பொண்டாட்டி இருக்கா," என்றான் கில்பர்ட், பட்டனை அழுத்தியபடி. "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன பண்ணேன்னு கேப்பா."

"என்ன சொல்வே?"

"ப்ரொடக்ஷன் சப்போர்ட்னு சொல்லிடுவேன்."

டீமன் காபி குடிக்காது என்பதால் கில்பர்ட்டும் குடிக்கக் கூடாது என்று அனந்தபத்மநாபன் சொல்லியிருந்தார். மற்றதற்கும் எழுந்து போகக் கூடாது. டீமன் செய்யாத எதையும் கில்பர்ட் செய்தால் அந்தச் சான்று செல்லாது. பதினோரு மணி வாக்கில் ஆடிட்காரர்கள் வந்து, இந்த டீமனுக்கு அடையாள அட்டை எங்கே என்று கேட்டார்கள். கில்பர்ட் இடது கையால் எடுத்துக் காட்டினான். வலது கை பட்டனில் இருந்தது. போட்டோவில் தாடி இருக்கிறதே, இப்போது இல்லையே என்றார்கள். அந்த விவகாரம் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. மறுபடி முதலிலிருந்து.

மத்தியானம் கில்பர்ட் சாப்பிட எழ முடியாது; பிறர் ஊட்டினால் அது டீமன் செய்ததாகாது என்று அனந்தபத்மநாபன் விலக்குக் கொடுத்தார். கணேசமூர்த்தி தயிர்சாதத்தை ஸ்பூனில் எடுத்து அவனுக்கு ஊட்டினான். கல்யாணமான ஆம்பிளைக்கு இன்னொரு ஆம்பிளை ஆபீஸில் தயிர்சாதம் ஊட்டுவதை ஏழாம் மாடியே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. இப்படி ஒரு அர்ப்பணிப்பு இந்தத் தலைமுறையிடம் இருக்கிறதே என்று ஒருவர் கண் கலங்கினார்.

அலுவலகம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கணேசமூர்த்திக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. டீமன் இல்லாத முதல் மாதத்தைக் கொண்டாட எல்லோரும் உடனே கீழே வரவும், கேக் வெட்டப்படும், வருகைப் பதிவு உண்டு.

"சார், இப்பப் போனா சிவப்பாயிடும் சார்," என்று கெஞ்சினான்.

"கணேஷ், அந்தக் கேக்கே உங்க பிராஜெக்ட்டுக்காகத்தான்," என்றார் அனந்தபத்மநாபன். "டீம் வரலன்னா நல்லாவா இருக்கும்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க. நாளைக்கு உக்காருவான்."

கில்பர்ட் எழுந்தான். பின்னால் திரை சிவந்தது. கேக்கில் ஒரு பட்டன் மாதிரி செர்ரி வைத்திருந்தார்கள். கில்பர்ட்டின் விரல் தன்னை அறியாமல் அதை அழுத்திவிட்டது.

மாலை பஸ்ஸில் நின்றபடி கணேசமூர்த்தி தாரணியைக் கூப்பிட்டான். வழக்கம்போல பிஸி. நாலைந்து முறை அடித்த பிறகு எடுத்தாள். குரல் கட்டியிருந்தது.

"ஆகலக்கா," என்றான். "நாளைக்கு."

"தெரியும். நீ போன் பண்ற நேரத்தைப் பார்த்தாலே தெரியுது." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "நான் இன்னைக்கு அந்த மையத்துக்கே நேர்ல போயிட்டேன். வர்றவங்க போறவங்க எல்லாம் பார்க்கட்டும்னு கவுன்ட்டர்ல நின்னு சண்டை போட்டேன். கடைசியில வேற வழியில்லாம, நீங்க சொல்ற நேரத்தை நாங்களே மாத்திக்கறோம்மான்னுட்டாங்க. இப்ப பேஷன்ட்டுங்க என்னைக் கூப்பிடறாங்க, நான் அவங்களைக் கூப்பிடறேன், திருப்பிச் சொல்றேன். கிரைண்டரை நிறுத்திட்டேன். கடைக்காரங்க வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க."

"அக்கா, நீங்க எதுக்கு இதெல்லாம்..."

"அப்ப யாரு பண்றது? உன் ஏழாவது மாடியா?"

அவன் போனைப் பைக்குள் போட்டான். அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நலப் பிரிவுக் கூட்டம் வழக்கத்தைவிடக் கலகலப்பாக இருந்தது. டயாலிசிஸ் மையத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அனந்தபத்மநாபன் எழுந்து நின்று படித்தார். உங்கள் உதவி நம்பர் அற்புதமாக வேலை செய்கிறது, எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிறார்கள், தாய்மை உள்ளத்தோடு பேசுகிறார்கள், நேரில் வந்துகூட உதவுகிறார்கள், எங்கள் எல்லா மையங்களுக்கும் இதே சேவை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"எந்த டீம் இது?" என்று பெருமையோடு கேட்டார். யாரும் எழவில்லை. "எந்த சர்வீஸ்? ஓனர் யாரு?"

கணேசமூர்த்தி எழுந்தான். நான்கு நாளாகத் தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னதை மறுபடி சொன்னான். அந்த நம்பரைத்தான் சார் மாற்ற வேண்டும். அது நம் சேவை இல்லை. அவர்களை விட்டுவிடலாம் சார்.

ஷ்ரேயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெயிட். அது எந்நேரமும் ஆன்ல இருக்கா?"

"ஆமா மேடம்."

"யாரு கேட்டாலும் பதில் சொல்லுதா? லாகின், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாம?"

"போன் எடுத்துப் பேசறாங்க மேடம்."

"பேஷன்ட் டேட்டா எல்லாம் தெரியும். நம்ம ரெஜிஸ்டர்ல இல்ல. அப்ரூவல் இல்ல. நலச் சான்று இல்ல." ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். "இந்த மாதிரி எப்பவும் ஓடிக்கிட்டு, எல்லாக் கதவையும் திறக்கற ஒண்ணை எடுக்கத்தான் ஒரு மாசம் பாடுபட்டோம்."

"மேடம், அது ஒரு அம்மா. இட்லி மாவு விக்கறாங்க."

"சர்வீஸுக்குள்ள என்ன இருக்குங்கறது எனக்குத் தேவையில்ல கணேஷ்."

நம்பரை மாற்ற முடியாதே என்று ஒருவர் சந்தேகம் எழுப்பினார். மாற்றத்தான் இமேஜ் வேண்டும் என்றாள் ஷ்ரேயா, நிறுத்துவதற்கு எதுவும் வேண்டாம். எங்கள் மருத்துவச் சேவையின் பெயரில் அனுமதியில்லாத ஒரு நம்பர் இயங்குகிறது என்று தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு புகார் போனது. மேலிடத்துக் கையெழுத்து, அவசர முத்திரை எல்லாம் ஒரே மூச்சில் விழுந்தன. கூட்டத்துக்கு வந்த டீ முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நம்பர் நிறுத்தப்பட்டது. ஐந்து நாளில் அந்தக் கம்பெனியில் நடந்து முடிந்த ஒரே காரியம் அதுதான்.

"ஸோ, எந்த டீமனும் ஓடல," என்றார் அனந்தபத்மநாபன்.

"இல்ல சார்," என்றார்கள்.

கணேசமூர்த்தி வெளியே வந்து தாரணியின் நம்பரை அடித்தான். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று முதலில் கன்னடத்திலும் பிறகு இங்கிலீஷிலும் ஒரு குரல் சொன்னது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அவன் ஒருவனுக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. ஒரு நம்பரை மாற்றப் போனான், அந்த நம்பரையே கொன்றுவிட்டான்.

மதியத்துக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தாரணிதான். வீட்டுக்காரரின் போன்.

"என் சிம்மைக் கட் பண்ணிட்டாங்க தம்பி. யாரோ கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டாங்களாம். போன் கம்பெனி ஆபீஸ்ல கியூவுல நிக்கறேன். ஆதார் கொண்டா, கடை லைசென்ஸ் கொண்டாங்கறாங்க. திரும்பக் கிடைக்க வாரக்கணக்கா ஆகுமாம்."

"அக்கா..." என்றான். கம்ப்ளெய்ன்ட் கொடுத்தது யார் என்று சொல்ல வாயெடுத்தான்.

"அதை விடு, அப்புறம் பேசிக்கலாம். அய்யாவு அண்ணாவுக்கு சாயங்காலம் ஆறு மணி கேட்டிருந்தோமில்ல, அது கிடைக்கல. மத்தியானம் ரெண்டு மணிதான் குடுத்திருக்காங்க. இன்னைக்குப் பொழுது சாஞ்சதும் அவரு எனக்குப் போன் பண்ணுவாரு, அப்பச் சொல்லணும்னு இருந்தேன். இப்ப அவரு அடிச்சா லைன் செத்துக் கிடக்கும். நாளைக்கு ஆறு மணிக்குன்னே நெனைச்சுப் போய் நிப்பாரு. நாற்காலி போயிடும்."

"அவர் நம்பர் இருக்கா?"

"அவருக்கு ஏது போன்? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர்கிட்ட வாங்கிப் பேசுவாரு. மெசேஜ் எல்லாம் மருமகன் போனுக்குப் போகுது, அதுல பழைய நேரம்தான் இருக்கும். அந்த நம்பர் மையத்துல இருக்கு, கேட்டா, பிரைவசி, தர மாட்டோம்ங்கறாங்க. நான் இந்த கியூவை விட்டா மறுபடி கடைசியில நிக்கணும். என்ன பண்றதுன்னு தெரியல தம்பி." அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"நான் போறேன்க்கா," என்றான்.

பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்கு நடந்தான். இறங்கும் வழியில் லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்று கதவு திறந்தபோது எதிரே அனந்தபத்மநாபன் நின்றிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? கில்பர்ட் காலையிலேருந்து அழுத்தறான். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க சான்று வந்துடும். அது வரும்போது நீங்க பக்கத்துல இல்லன்னா செல்லாது."

"செல்லாம போகட்டும் சார்."

"அப்ப திங்கட்கிழமை மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் கணேஷ். இத்தனை பேர் உழைக்கறோம், பேஷன்ட் மேல உங்களுக்குக் கொஞ்சம்கூட அக்கறை இல்லையே?"

கணேசமூர்த்தி வாயைத் திறந்தான். நல்லவேளையாக லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

மெட்ரோவில் வந்து கப்பன் பார்க்கில் இறங்கி, ஆட்டோ பிடித்து சிவாஜிநகர் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இத்தனை பேர் துணி தேய்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தள்ளுவண்டியில் ஒருவர், சுவரோரம் ஒருவர், துணிக்கடைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒவ்வொருவரிடமும் அய்யாவு, அய்யாவு என்று கேட்டான். கறிக்கடைச் சந்துக்குள் போகச் சொன்னார்கள், போனான். இல்லை, மசூதித் தெரு முனை என்றார்கள், திரும்பினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு பூக்காரி, கிட்னி அண்ணனா என்று கேட்டு, மரத்தடி வண்டியைக் காட்டினாள்.

மெலிந்த மனிதர். முகம் மட்டும் ஊதியிருந்தது. கரி இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து ஜூஸ் கடைக்காரனின் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தார், மறுபடி அடித்தார்.

"அய்யாவு அண்ணா?" என்றான் கணேசமூர்த்தி. "நாளைக்கு உங்க டயாலிசிஸ் நேரத்தைப் பத்திச் சொல்ல வந்தேன்."

அவர் போனைத் தாழ்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தார். பார்வையில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை.

"யாருப்பா நீ? ஆஸ்பத்திரியா?"

"இல்லண்ணா."

"பின்ன எங்கேருந்து வர்றே?"

கணேசமூர்த்தி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

"இட்லி மாவுக் கடையிலேருந்து," என்றான்.

அய்யாவுவின் முகம் மாறியது. ஒரு ஸ்டூலை இழுத்து, மேலே கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

"அந்தம்மா அனுப்பிச்சாங்களா? அப்ப சரி. சொல்லு, எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு," என்றான்.